திரை கறுப்பா இருந்தா நம்பலாமா? விமான ஜிபிஎஸ்ஸும் டெல்டாவின் சமவெளியும்

(பாட்காஸ்ட் அத்தியாயத்தின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு நேயர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "தஞ்சாவூர்ல சுகோய் வந்ததுலேருந்து எங்க வயலுக்கு மேல விமானச் சத்தம் கேட்காத வாரமே கிடையாது. என் மச்சினன் பையன் இப்ப விமானி பயிற்சியில இருக்கான். விமானத்துல இருக்கிற ஜிபிஎஸ், எதிர்ல மலை இருந்தா சிவப்பா காட்டும்னு சொல்றான். நம்ம டெல்டாவுல மலையே இல்லையே, இங்க அது எதுக்கு? அதை நம்பிப் பறக்கலாமா?" என்று கேட்டிருந்தார்.

இரண்டுமே நல்ல கேள்விகள். முதல் கேள்விக்குச் சின்ன பதில்: டெல்டாவில் மலை இல்லைதான், ஆனால் பெரிய கோவிலிலிருந்து கொல்லிமலை நேர்க்கோட்டில் சுமார் நூறு கிலோமீட்டர். ஒரு சின்னப் பயிற்சி விமானம் அரை மணி நேரத்தில் அங்கே போய்விடும். இரண்டாவது கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விளக்கமாகப் பதில் சொல்லணும். நான் பயிற்சியாளராக இருந்தவன். இந்த விஷயத்தில் ஒரு தப்பும் செய்திருக்கிறேன். அதையும் கடைசியில் சொல்றேன்.

கண்ணில்லாத கருவி

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடுவோம். ஜிபிஎஸ் திரையில் மலை சிவப்பாகத் தெரிகிறது என்றால், கருவி மலையைப் பார்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது எதையும் பார்ப்பதில்லை. அதனிடம் கேமராவும் இல்லை, ரேடாரும் இல்லை. அது செய்வது ஒரு கழித்தல் கணக்கு மட்டும்.

கருவிக்குள் நிலத்தின் உயரப் பட்டியல் ஒன்று இருக்கும். நிலப்பரப்பை வயல் வரப்பு மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 'இங்கே தரை இவ்வளவு உயரம்' என்று ஒரு எண். செயற்கைக்கோள் சிக்னலை வைத்து, 'நான் எந்தக் கட்டத்துக்கு மேல், எவ்வளவு உயரத்தில் இருக்கிறேன்' என்பதைக் கருவி கணக்கிடும். இரண்டையும் கழித்தால் வருவதுதான் நிறம்.

பரவலாகப் புழங்கும் கார்மின் கருவிகளின் வழக்கம் இது. தரை உங்களைவிட உயரமாக இருந்தாலோ, உங்களுக்குக் கீழே 100 அடிக்குள் இருந்தாலோ சிவப்பு. 100 அடியிலிருந்து 1,000 அடி வரை கீழே இருந்தால் மஞ்சள். அதற்கும் கீழே என்றால் கறுப்பு. சில புதிய கருவிகளில் கறுப்புக்குப் பதில் பச்சை.

இதை டெல்டாவில் போட்டுப் பாருங்க. கும்பகோணத்துக்கு மேல் 2,000 அடியில் பறக்கிறீர்கள். திரை முழுக்கக் கறுப்பு. மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம் வரைக்கும் கறுப்பு. மேற்கே திரும்பித் திருச்சியில் இறங்க வருகிறீர்கள். திருச்சி விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 288 அடி. நீங்கள் 1,200 அடிக்கு வந்ததும் சுற்றிலும் மஞ்சள். 380 அடிக்கு வரும்போது ஓடுபாதையே சிவப்பு. இதில் ஆபத்து எதுவும் இல்லை. தரையிறங்குவதென்றால் தரைக்குப் பக்கத்தில் வந்துதானே ஆகணும். அதனால்தான் விமான நிலையத்தை நெருங்கும்போது, குரல் எச்சரிக்கை தரும் எல்லையைக் கருவி தானாகவே சுருக்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தரையிறக்கத்திலும் கத்திக்கொண்டே இருக்கும்.

இந்த வசதி எப்படி வந்தது?

விமானம் நல்ல நிலையில், விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே, தெரியாமல் தரையிலோ மலையிலோ மோதுவது என்று ஒரு விபத்து வகை உண்டு. எஞ்சின் பழுது கிடையாது, இறக்கை உடையவில்லை. தரை எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணங்கள் இருக்கு. 1971 டிசம்பர் 9: திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம், சின்னமனூர் பக்கத்து மலையில் மோதியது. பகல் நேரம்தான், ஆனால் பார்வைத் தெளிவு இல்லை. மதுரைக்காக உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். 31 பேரில் 21 பேர் இறந்தார்கள்.

1974 டிசம்பர் 4: ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு இந்தோனேசியாவின் சுரபயாவிலிருந்து கொழும்புக்கு வந்த மார்ட்டின்ஏர் விமானம், இலங்கை மலையகத்தில் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். கொழும்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, முன்கூட்டியே இறங்கிவிட்டார்கள். அதற்கு மூன்று நாள் முன்புதான் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் இதே வகை விபத்தில் 92 பேர் இறந்திருந்தார்கள். அதைத் தொடர்ந்துதான் பெரிய பயணிகள் விமானங்களில் தரை நெருக்க எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்று அமெரிக்கா உத்தரவு போட்டது.

அந்தப் பழைய கருவியை உருவாக்கியவர் டான் பேட்மேன் என்ற பொறியாளர். அது விமானத்தின் வயிற்றிலிருந்து ரேடியோ அலையைக் கீழே அனுப்பி, தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும். நிறைய உயிரைக் காப்பாற்றிய கருவி. ஆனால் அதற்கு நேர் கீழே மட்டும்தான் தெரியும். எதிரே செங்குத்தாக ஒரு மலை நின்றால், அதன் அடிவாரத்துக்கு மேல் போன பிறகுதான் கத்தும். 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகரத்துக்குப் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில் அந்தக் கருவி இருந்தது, எச்சரிக்கையும் செய்தது. ஆனால் மோதுவதற்கு முன் கிடைத்த நேரம் பதினைந்து விநாடிகூட இல்லை. 159 பேர் இறந்தார்கள்.

இதற்கு விடையாக பேட்மேன் குழு கொண்டுவந்ததுதான், ஜிபிஎஸ்ஸையும் உலக நிலவுயரப் பட்டியலையும் சேர்த்து முன்னால் பார்க்கும் முறை. சோவியத் யூனியன் கலைந்த பிறகு வெளியே வந்த ராணுவ நில வரைபடத் தரவுகள்கூட அதில் உண்டு. பிறகு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் சுற்றி, பூமியின் பெரும்பகுதியை ரேடாரால் அளந்தது. இப்படிச் சேர்ந்த தரவுகளால்தான் இன்றைக்கு ஒரு சின்னப் பயிற்சி விமானத்தின் ஜிபிஎஸ்ஸிலும் கொல்லிமலை ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கறுப்புக்குள் என்ன ஒளிந்திருக்கும்?

இப்ப நேயரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். சிவப்பைப் பார்த்தால் நம்பணும், அதில் சந்தேகமே வேண்டாம். சிக்கல் கறுப்பில்தான். 'என் பட்டியலில் உள்ளபடி, என் உயரம் சரியென்றால், பக்கத்தில் எதுவும் இல்லை' என்றுதான் கறுப்பு சொல்கிறது. இதில் இரண்டு நிபந்தனைகள் இருக்கு, கவனிச்சீங்களா? பட்டியல் சரியா இருக்கணும், உயரம் சரியா இருக்கணும்.

பட்டியலை எடுத்துக்குவோம். சில கருவிகளில் ஒரு கட்டம் சுமார் 900 மீட்டர் அகலம். மலைக்கோட்டை மாதிரி சட்டென்று எழும் குறுகலான பாறை, அப்படி ஒரு கட்டத்துக்குள் முழுசாக அடங்கிப்போகும். அடுத்து, நில உயரம் வேறு, கட்டடம் வேறு. பெரிய கோவில் விமானம் ஏறத்தாழ 200 அடி, ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. செல்போன் கோபுரம், உயர் மின்னழுத்தக் கம்பிக் கோபுரம் எல்லாம் வேறு. இவையெல்லாம் 'தடைகள்' என்ற தனிப் பட்டியலில் வரும். அந்தப் பட்டியல் எந்த நாடுகளுக்கு உண்டு, எந்த உயரத்துக்கு மேல் உண்டு, கடைசியாக எப்போது புதுப்பித்தது என்பதைக் கருவியின் கையேட்டில் பார்த்தால்தான் தெரியும். போன மாதம் நட்ட கோபுரம் போன வருடப் பட்டியலில் இருக்காது. டெல்டாவில் தாழப் பறப்பவருக்கு மலையைவிட இதுதான் கவலை.

இனி உயரம். இங்கே நம்ம ஊருக்கென்றே ஒரு விசேஷம் உண்டு. ஜிபிஎஸ் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை. பூமியை ஒரு சீரான நீள்கோளமாக வைத்துக்கொண்டு, அந்தக் கற்பனைப் பரப்பிலிருந்து அளக்கும். உண்மையான கடல் மட்டம் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப அங்கங்கே மேடும் பள்ளமுமாக இருக்கும். உலகத்திலேயே பெரிய பள்ளம் நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான், நூறு மீட்டருக்கும் மேல். அதன் விளிம்பில்தான் நாம் இருக்கிறோம். நாகப்பட்டினம் கடற்கரையில் நின்று, திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் உயரத்தைப் பார்த்தால் ஏறத்தாழ 90 மீட்டர் மைனஸில் காட்டும். சிலர் கைபேசியில் இதைப் பார்த்துப் பயந்திருப்பீங்க. விமானக் கருவிகள் இந்த வித்தியாசத்தை உள்ளுக்குள்ளேயே திருத்திக் காட்டும். கைபேசி செயலியை விமானத்தில் வைத்துக்கொண்டு 'இதுவும் அதுதானே' என்பவர்களுக்காகத்தான் சொல்றேன்.

திருத்திய பிறகும், ஜிபிஎஸ் உயரமும் விமானத்தின் உயரமானியும் ஒத்துப்போகாது. உயரமானி காற்றழுத்தத்தை அளக்கிறது. சித்திரை வெயிலில் காற்று விரிந்திருக்கும். உயரமானி 5,000 அடி என்று காட்டும்போது உண்மையில் சில நூறு அடி மேலே இருப்பீர்கள். அது தப்பில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வந்தால் கதை தலைகீழ். அழுத்தம் குறைந்த பகுதிக்குள் போகும்போது அங்கே உள்ள அழுத்தத்தை உயரமானியில் மாற்றி வைக்காவிட்டால், அது உங்களை உள்ளதைவிட உயரமாகக் காட்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் கிட்டத்தட்ட 30 அடி. பத்து பிசகினால் ஏறக்குறைய 300 அடி. அந்த நேரத்தில் ஜிபிஎஸ் உயரம் ஒரு சாட்சி. இரண்டும் ஏன் வேறுபடுகிறது என்று நின்று யோசிக்க வைக்கும்.

ஆனால் அந்தச் சாட்சியும் பொய் சொல்லலாம். போர் நடக்கும் பகுதிகளுக்கு அருகே போலி ஜிபிஎஸ் சிக்னல் அனுப்புவது 2023-இலிருந்து பெரிய தொல்லையாகிவிட்டது. நிம்மதியாக உயரத்தில் பறக்கும் விமானத்தில் திடீரென்று 'மேலே ஏறு' என்று கருவி கத்திய சம்பவங்கள் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் நம்ம விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் இதுபற்றி விமான நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது.

சமவெளியிலும் மோதலாம்

'மலை இல்லாத ஊரில் என்ன பயம்' என்பதற்கு இன்னொரு பதில் கட்டுநாயக்காவில் இருக்கிறது. 1978 நவம்பர் 15 இரவு, ஜெத்தாவிலிருந்து இந்தோனேசிய ஹஜ் பயணிகளோடு வந்த ஐஸ்லாந்து விமானம், கட்டுநாயக்காவில் இறங்கும்போது ஓடுபாதைக்கு முன்னாலேயே தென்னந்தோப்பில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். காரணம் என்ன என்பதில் இலங்கை விசாரணையும் ஐஸ்லாந்து தரப்பும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இடத்தைப் பாருங்க: கடலோரம், தட்டையான நிலம், தென்னை மரம். அப்படியே பட்டுக்கோட்டை, பேராவூரணி மாதிரி. இரவில், மழையில், தரை எங்கே என்று தெரியாவிட்டால் தென்னை மர உயரமே மலைதான்.

மலைப் பக்கத்து உதாரணம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2021 டிசம்பர் 8, சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 உயிர்கள். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசைத் தடுமாற்றம் ஏற்பட்டது என்று 2022 ஜனவரியில் விமானப்படை விசாரணை முடிவைச் சொன்னது. அனுபவமுள்ள விமானிகளுக்கே இது நடக்கிறது என்பதைத்தான் இதில் கவனிக்கணும்.

என் தப்பு

பல வருடம் முந்திய ஒரு மார்கழிக் காலை. என் மாணவன் திருவையாற்றுப் பையன். புதுக்கோட்டைப் பக்கம் வறண்ட நிலத்துக்கு மேல், எஞ்சின் நின்றால் எப்படி இறங்குவது என்ற பயிற்சி. அதில் தரைக்கு 500 அடி வரை இறங்கி, மறுபடி ஏறுவோம். விமான நிலையம் இல்லாத இடத்தில் இப்படி இறங்கினால் கருவி சும்மா இருக்குமா? ஒவ்வொரு முறையும் 'டெரெய்ன், டெரெய்ன்' என்று கத்தியது. பாடம் நடத்த முடியவில்லை. எச்சரிக்கையை நிறுத்தி வைக்கும் 'இன்ஹிபிட்' வசதியைப் போட்டேன். அது தப்பில்லை, அதற்காகத்தான் அந்த வசதி.

பயிற்சி முடிந்து சேலத்துக்குக் கிளம்பினோம். ஜிபிஎஸ்ஸில் 'டைரக்ட்-டு சேலம்' என்று போட்டேன். திரையில் நேராக ஒரு கோடு. மேகம் தாழ இருந்ததால் 2,500 அடியில் போனோம். காவிரியைத் தாண்டினோம். பனிமூட்டத்தில் கீழே நேராகப் பார்த்தால் வயல் தெரியும், எதிரே வெள்ளையாக இருந்தது. திருச்சியிலிருந்து சேலத்துக்கு நேர்க்கோடு போட்டால் அது எங்கே போகும் தெரியுமா? கொல்லிமலை மேலேயே போகும். அங்கே உயரம் 1,000 மீட்டரிலிருந்து 1,300 மீட்டர், அதாவது 4,200 அடிக்கும் மேல். எனக்கு இது தெரியாதா? தெரியும். எத்தனையோ தடவை போன வழி. ஆனால் அன்றைக்கு மனசு இன்னும் பயிற்சியிலேயே இருந்தது.

பையன் கேட்டான்: "சார், மூலையில ஏதோ எழுத்து ரொம்ப நேரமா இருக்கே, அது என்ன சார்?"

எச்சரிக்கை நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் சுருக்கெழுத்து அது. டெரெய்ன் பக்கத்தைத் திருப்பினேன். நிறம் மட்டும் வழக்கம்போல வந்தது, குரல்தான் இல்லை. எதிரே திரையின் மேல்பாதி முழுக்கச் சிவப்பு.

"தம்பி, இடது பக்கம் திரும்பு. காவிரியைப் பிடிச்சுக்க" என்றேன். முசிறிக்கு மேல் ஆற்றைப் பிடித்து, மோகனூர் வரை போய், அங்கிருந்து நாமக்கல் பக்கமாக வடக்கே திரும்பினோம். கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் மூட்டத்துக்குள் கொல்லிமலைச் சரிவு தெரிந்தது. நாங்கள் பறந்த உயரத்தைவிட நன்றாக மேலே.

அன்றைக்கு மோதியிருப்போம் என்று சொல்ல மாட்டேன். மலையைக் கண்ணால் பார்த்துத் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்தக் காலையில் அதை எனக்கு ஞாபகப்படுத்தியது கருவி இல்லை, என் அனுபவமும் இல்லை. முப்பது மணி நேரம்கூடப் பறக்காத பையன் கேட்ட கேள்வி.

என்ன செய்யணும்?

நேயரின் மச்சினன் பையனுக்காகச் சில விஷயங்கள்.

கிளம்பும் முன் வரைபடத்தில் பாதையைப் பார்த்து, மிக உயர்ந்த இடத்தைக் குறித்துக்கொள்ளணும். கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பவர்களுக்குச் சர்வதேச விதி, 8 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள உயர்ந்த தடைக்கு மேல் 1,000 அடி, மலைப் பகுதியில் 2,000 அடி. கொல்லிமலைக்கு அந்தக் கணக்கில் 6,300 அடி வருகிறது. அந்த உயரத்தில் போக முடியாத நாளில், போக வேண்டியது சுற்று வழி.

கருவியைப் போட்டதும் அது தன்னைச் சோதித்து, சரி என்று சொல்வதைக் காதால் கேட்கணும். தரவு எந்தத் தேதி என்று பார்க்கணும். 'டெரெய்ன் கிடைக்கவில்லை' என்று வந்தால், செயற்கைக்கோள் போதவில்லை என்று அர்த்தம். அப்போது வரும் கறுப்புக்கு மதிப்பே இல்லை.

இன்ஹிபிட் போட்டால், எடுப்பதையும் அதே மூச்சில் முடிவு செய்யணும். நான் அதற்குப் பிறகு, இன்ஹிபிட் போட்டதும் கைக்கடிகாரத்தை வலது கைக்கு மாற்றிக் கட்டிக்கொள்வேன். அதை எடுத்த பிறகுதான் கடிகாரம் இடது கைக்குத் திரும்பும்.

எச்சரிக்கை வந்தால் விவாதம் வேண்டாம். இறக்கையை நேராக்கு, முழு சக்தி கொடு, ஏறு. ஆனால் சின்ன விமானத்தின் கணக்கையும் தெரிஞ்சுக்கணும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் போவீர்கள், ஏறுவது 500 அடிதான். முன் எச்சரிக்கை ஒரு நிமிடம் முன்னால் வந்தாலும், எதிரே இரண்டாயிரம் அடிச் சுவர் இருந்தால் ஏறித் தாண்ட முடியாது. தாழ்வான பக்கம் எது என்பது முன்னாடியே மனசில் இருந்தால்தான் திரும்ப முடியும். எனக்கு அன்றைக்குக் காவிரி இருந்தது.

கடைசியாக, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் சந்து பார்த்து நுழைந்து போவதற்கு இந்தத் திரை ஏற்பட்டதில்லை. வழி தவறியவனை நிறுத்துவதற்குத்தான் ஏற்பட்டது.

உயரமானியையும் காற்றழுத்தத்தையும் பற்றி இன்றைக்கு மேலோட்டமாகத்தான் சொன்னேன். அதற்கென்று தனியாக ஒரு அத்தியாயம் செய்யலாம் என்றிருக்கிறேன். கேள்வி இருந்தால் குரல் பதிவாகவே அனுப்புங்க. சின்னக் கேள்வி என்று தயங்க வேண்டாம். அப்படி ஒரு கேள்வியின் மதிப்பு எனக்குத் தெரியும்.